அலைக்கு முன்பே தொடங்கிய ஆபத்து: 'த பெர்ஃபெக்ட் ஸ்டார்ம்' படமும் ஓயாத வாதங்களும்

'த பெர்ஃபெக்ட் ஸ்டார்ம்' 2000இல் வந்த படம். 1991இல் அட்லாண்டிக் புயலில் மாட்டிய ஆண்ட்ரியா கெயில் என்ற நிஜமான அமெரிக்க மீன்பிடிப் படகின் கதை. கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனாலும் யாராவது புதிதாகப் பார்த்துவிட்டு வந்தால் அதே நாலு சண்டைதான். முதல் பாதி ஒரே இழுவை. அலையைப் பார்த்தால் கிராஃபிக்ஸ் என்று தெரிகிறது. புயல் வருவது தெரிந்தும் போனார்களே, பேராசைதானே? எல்லோரும் செத்துப்போயிருக்க, நடுக்கடலில் நடந்ததை யார் வந்து சொன்னார்கள்? (முடிவு தெரியாமல் படம் பார்க்க நினைத்தவர்கள் மன்னிக்கவும். இனி எதையும் மறைத்து எழுத முடியாது.)

ஆழ்கடல் படகு வேலை தெரிந்தவர்கள் இந்தப் படத்தைப் பார்க்கும்போது கண் வேறு இடங்களுக்குப் போகும். ஐஸ் மிஷின் நின்றதும் மனசுக்குள் கணக்கு ஓடும். வீல்ஹவுஸ், அதாவது படகை ஓட்டும் அறையின் கதவை யாராவது திறந்து போட்டுவிட்டுப் போனால் பல்லைக் கடிக்கத் தோன்றும். அந்தக் கடைசி ராட்சத அலைக்குப் பெரிய மரியாதை இராது. இந்தப் படத்தில் உருப்படியாகக் கற்றுக்கொள்ள உள்ளதெல்லாம் அந்த அலைக்கு முன்னால்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில், உறுதியாகத் தெரிந்தது எவ்வளவு என்று பார்த்துவிடலாம். ஆண்ட்ரியா கெயில் 72 அடி, அதாவது 22 மீட்டர் நீளமுள்ள இரும்புப் படகு. 1978இல் புளோரிடாவில் கட்டப்பட்டது. வாள்மீனுக்காக ஆயிரங்கால் தூண்டில் (ஒரே நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான முள்) போடும் படகு. 1991 செப்டம்பர் 20 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்திலிருந்து ஆறு பேருடன் கிளம்பியது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே உள்ள கிராண்ட் பேங்க்ஸ் மீன்பிடிப் பகுதியில் மீன் சரியாகப் படவில்லை என்று இன்னும் கிழக்கே ஃப்ளெமிஷ் கேப் வரை போனது. அக்டோபர் 28 மாலை 6 மணி வாக்கில், அதே உரிமையாளரின் இன்னொரு படகான ஹன்னா போடெனின் கேப்டன் லிண்டா கிரீன்லாவுடன் ரேடியோவில் பேசியதுதான் கடைசிப் பேச்சு. அப்போது படகு நின்ற இடம் 44 டிகிரி வடக்கு, 56 டிகிரி 40 நிமிடம் மேற்கு. கனடாவின் சேபிள் தீவுக்குச் சுமார் 260 கிலோமீட்டர் கிழக்கே. அலை 30 அடி. அதன்பிறகு நவம்பர் 6 அன்று சேபிள் தீவுக் கரையில் படகின் அவசர சமிக்ஞைக் கருவி ஒதுங்கிக் கிடந்தது. எண்ணெய்ப் பீப்பாய்களும் சில உதிரிப் பொருள்களும் கிடைத்தன. படகும் கிடைக்கவில்லை, ஆட்களும் கிடைக்கவில்லை. நவம்பர் 9இல் தேடுதலை நிறுத்தினார்கள்.

ஆக, அக்டோபர் 28 மாலைக்குப் பிறகு அந்தப் படகில் நடப்பதாகத் திரையில் வரும் ஒவ்வொரு காட்சியும் கற்பனை. "யார் வந்து சொன்னது?" என்று கேட்பவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள். கேப்டனை மூர்க்கமான, பொறுப்பில்லாத ஆளாகக் காட்டிவிட்டதாக அவருடைய குடும்பத்தினர் வழக்கே போட்டார்கள். விளம்பரத்துக்காக ஒருவர் பெயரைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் இந்தப் படத்துக்குப் பொருந்தாது என்று 2005இல் புளோரிடா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் அப்படி. இறந்துபோன, பதில் பேச முடியாத ஒரு மனிதரின் நிஜப் பெயரை வைத்துக்கொண்டு அவர் எடுக்காத முடிவுகளை அவர் தலையில் கட்டியது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. பெயரை மாற்றியிருந்தால் படத்துக்கு ஒன்றும் குறைந்திருக்காது.

இனி "இழுவை" என்று பலரும் தள்ளிவிட்டுப் பார்க்கும் பகுதிக்கு வருவோம். கரையில் கணக்குத் தீர்க்கும் காட்சியைக் கவனியுங்கள். இந்த மாதிரிப் படகுகளில் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் விற்ற பணத்தில் டீசல், இரை, ஐஸ், தூண்டில் சாமான், சாப்பாடு எல்லாவற்றையும் முதலில் கழித்துவிடுவார்கள். மிச்சத்தில் பெரும்பங்கு, வழக்கமாகப் பாதி, படகுக்கு, அதாவது அதன் உரிமையாளருக்குப் போகும். மற்றதை கேப்டனும் ஆட்களும் பிரித்துக்கொள்வார்கள். மீன் குறைவாகப் பட்டாலும் செலவு குறைவதில்லை. ஒரு மாதம் கடலில் கிடந்துவிட்டு வெறும் கையோடு இறங்குவதும் உண்டு, கடனோடு இறங்குவதும் உண்டு. இந்தக் கணக்கு மண்டையில் ஏறாதவரை "பேராசை" என்ற சொல்லை எடுக்கவே கூடாது.

அடுத்து ஐஸ் மிஷின், அதாவது மீன் கெடாமல் இருக்கக் கடலிலேயே ஐஸ் தயாரிக்கும் இயந்திரம். படத்தில் மீன் நிறைந்த நேரத்தில் அது நின்றுபோகிறது. நிஜப் பயணத்திலும் அது தொல்லை கொடுத்தது என்றுதான் பதிவு. இது கதையை நகர்த்தச் செருகிய சாக்கு என்று நினைப்பவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஒரு கிலோ மீனை 15 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவர 13 கிலோகலோரி வரை எடுக்க வேண்டும். ஆக, 20 டன் மீனைக் குளிர வைக்க மட்டும் மூன்று டன்னுக்கு மேல் ஐஸ் கரைந்துவிடும். அது ஒரு தடவைச் செலவுதான். படகின் பக்கத்தகடு வழியாகவும், இன்ஜின் ரூம் சுவர் வழியாகவும், மூடி திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இறங்கும் சூட்டுக்கு தினம் தினம் ஐஸ் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மிஷின் ஓடாவிட்டால் அந்தத் தினச்செலவு கையிருப்பைத் தின்னத் தொடங்கும். முதலில் பிடித்த மீன் ஏற்கெனவே வாரக்கணக்கில் பழசு. அக்டோபர் 28 என்றால் அவர்கள் கரையை விட்டு 38 நாள் ஆகியிருந்தது.

ஐஸ் மிஷின் எங்கே போய்ச் சிக்கும் என்பதும் பெரும்பாலும் தெரிந்த கதைதான். கடல்நீர் உறிஞ்சும் வழியில் உள்ள வடிகட்டி அடைத்துக்கொள்ளும். படகு உருளும்போது உறிஞ்சுவாய் தண்ணீருக்கு மேலே வந்து பம்பு காற்றை இழுக்கும். தண்ணீர் வராமல் இயந்திரம் தானாக நிற்கும். உருளையிலிருந்து ஐஸைச் சுரண்டும் கத்தி தேய்ந்து இடைவெளி விழும். குளிர்வாயு மெதுவாகக் கசியும். இதில் கடைசியைத் தவிர மற்றவற்றைக் கடலிலேயே சரிசெய்யலாம், மாற்றுச்சாமான் இருந்தால். பம்பின் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரம்) இரண்டு, பெல்ட் இரண்டு, வடிகட்டி வலை ஒன்று, சுரண்டு கத்தி ஒரு செட்: இவ்வளவும் ஒரு சின்னப் பெட்டியில் அடங்கும். மிஷினை மட்டும் நம்பாமல், கிளம்பும்போதே மீன் அறையில் ஓரளவு ஐஸ் ஏற்றிக்கொண்டு போவது பழைய பழக்கம். அது இடத்தை அடைக்கும் என்று முணுமுணுப்பு வரும். வரட்டும்.

மீன் அறையில் உருகும் நீரைப் பற்றிப் படத்தில் யாரும் பேசுவதில்லை, பார்ப்பவர்களும் பேசுவதில்லை. ஐஸ் நின்ற இடத்தில் நிற்கும். உருகினால் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடும். அது பிடித்து வைத்திருந்த மீனும் சேர்ந்து சரியும். மீன் அறைப் பம்பை எத்தனை மணிக்கொரு முறை போட வேண்டியிருக்கிறது என்று எழுதி வைத்தால் இரண்டு விஷயம் தெரியும். ஐஸ் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது ஒன்று, அடியில் ஆடும் தண்ணீர் எவ்வளவு என்பது இன்னொன்று. முதலாவது பணத்தைப் பற்றியது. இரண்டாவது உயிரைப் பற்றியது.

"சரி, இரண்டு நாள் பொறுத்திருந்து போயிருக்கலாமே?" இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. ஃப்ளெமிஷ் கேப்பிலிருந்து குளொஸ்டர் ஏறத்தாழ 1,100 கடல்மைல். 8 முதல் 9 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தில் நல்ல கடலில் ஐந்து, ஆறு நாள். எதிர்க்காற்றில் வேகம் பாதியாகும். இதன்மேல் இரண்டு மூன்று நாள் காத்திருப்பைக் கூட்டினால் கரையில் இறங்குவது விற்கக்கூடிய சரக்காக இருக்குமா என்பதே சந்தேகம். காத்திருந்திருக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அந்த முடிவின் விலை ஆறு குடும்பங்களின் ஒன்றரை மாத உழைப்பு. அதைத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும்.

புயலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நேர்ப்பாதையில் வந்த சூறாவளி இல்லை. தெற்கே கிரேஸ் சூறாவளி, மேற்கிலிருந்து வந்த குளிர்முகம் (குளிர்காற்றின் முன்விளிம்பு), வடக்கே கனடாவின் மேல் உயரழுத்தம் என்று மூன்றும் மோதிய இடத்தில் பிறந்து, கிரேஸை விழுங்கி, வழக்கத்துக்கு மாறாக மேற்கு நோக்கித் திரும்பியது. அக்டோபர் 30 அன்று மைய அழுத்தம் 972 மில்லிபார் வரை இறங்கியது. நவம்பர் 1 அன்று அதன் நடுவிலேயே புதிதாக ஒரு சூறாவளி உருவாகி, அதற்குப் பெயரே வைக்கவில்லை. வீல்ஹவுஸில் உட்கார்ந்திருப்பவர் கையில் இருந்ததோ பல மணிநேரத்துக்கு ஒன்றாக ஃபேக்ஸில் வரும் வானிலை வரைபடம். 8 நாட் வேகப் படகு ஒரு நாளில் 192 கடல்மைல்தான் போகும். 25 நாட் வேகத்தில் நகரும் தாழ்வழுத்தம் அதே நேரத்தில் 600 கடல்மைல் போய்விடும். புயலை முந்தி ஓடலாம் என்பது நடக்காத காரியம். அதன் எந்தப் பக்கம் மாட்டிக்கொள்வது என்பதை மட்டும் ஓரளவு தேர்ந்தெடுக்கலாம்.

அதற்குச் செய்ய வேண்டியது சுலபம். வரைபடம் வந்ததும் தன் படகு 12, 24, 36 மணி நேரத்தில் எங்கே இருக்கும் என்று மூன்று புள்ளி வைக்க வேண்டும். தாழ்வழுத்தம் அதே நேரங்களில் எங்கே இருக்கும் என்று மூன்று வட்டம் போட வேண்டும். வட்டத்தைச் சின்னதாகப் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். வடகோளத்தில் காற்றைப் பார்த்து நின்றால் புயலின் மையம் வலப்பக்கமாக, கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். தென்கோளத்தில் இடப்பக்கம். பாரோமீட்டர் மூன்று மணி நேரத்தில் 3 மில்லிபார் இறங்கினால் டெக்கில் எல்லாவற்றையும் கட்டத் தொடங்கலாம். 6 இறங்கினால் கட்டி முடித்திருக்க வேண்டும்.

இப்போது அலை. "நூறடி அலை உண்மையாகவே பதிவானது தெரியுமா?" என்று படத்துக்கு வக்காலத்து வாங்குபவர்கள் சொல்வார்கள். உண்மைதான். நோவா ஸ்கோஷியாவுக்கு வெளியே ஒரு மிதவை 100.7 அடி, அதாவது 30.7 மீட்டர் அலையைப் பதிவு செய்தது. ஆனால் தேதியைப் பாருங்கள், அக்டோபர் 30. ஆண்ட்ரியா கெயிலின் பேச்சு அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே நின்றுவிட்டது. அந்தப் படகைக் கொன்றது நூறடி அலை என்று சொல்ல ஆதாரம் எதுவும் கிடையாது. 22 மீட்டர் படகைக் கவிழ்க்க அவ்வளவு பெரிய அலை தேவையும் இல்லை.

படத்தில் வருவது போலச் சுவராக எழுந்து நிற்கும் அலை எப்படி இருக்கும் என்று கணக்கில் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 12 விநாடிக்கு ஒன்றாக வரும் ஆழ்கடல் அலையின் நீளம் சுமார் 225 மீட்டர், வேகம் மணிக்கு 67 கிலோமீட்டர். அதன் உயரம் 15 மீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் சராசரிச் சரிவு 8 டிகிரிக்குள்தான். மிகச் செங்குத்தான இடத்தில்கூட 12 டிகிரி. உடையாத வரை படகு அதன்மேல் ஏறி இறங்கிவிடும். வயிறு கலங்குமே ஒழியப் படகுக்கு ஒன்றும் ஆகாது. கொல்வது உடையும் அலை. முகடு மடிந்து டன் கணக்கில் தண்ணீர் வேகமாகப் பக்கவாட்டில் வந்து அடிப்பது. 1979இல் ஃபாஸ்ட்நெட் என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தில் பல படகுகள் கவிழ்ந்த பிறகு பாய்மரப் படகு மாதிரிகளை வைத்துத் தொட்டியில் சோதித்தார்கள். உடையும் அலையின் உயரம் படகு நீளத்தில் 30 சதவீதம் இருந்தாலே, பக்கவாட்டில் வாங்கினால் கவிழும் வாய்ப்பு உண்டு என்று தெரிந்தது. 60 சதவீதம் என்றால் ஏறக்குறைய எந்தப் படகும் தப்பாது. மீன்பிடிப் படகின் உடலமைப்பு வேறு, அதனால் அந்த எண்களை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. ஆனாலும் 22 மீட்டரில் 30 சதவீதம் என்றால் 6.6 மீட்டர். அன்று மாலை ரேடியோவில் சொன்ன 30 அடி அதைவிட அதிகம்.

இன்னொன்று. வானிலை அறிக்கையில் "அலை உயரம் 9 மீட்டர்" என்று வந்தால், அது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. சில மணி நேரம் அந்தக் கடலில் கிடந்தால் அதைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்றாவது வந்து சேரும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அறிக்கையைக் கேட்கும்போதே இரண்டால் பெருக்கிக்கொள்வது நல்ல பழக்கம். சேபிள் தீவுப் பக்கம் இன்னும் மோசம். 350க்கும் மேற்பட்ட கப்பல்கள் உடைந்த மணல்திட்டு அது. ஆழம் அலைநீளத்தில் பாதிக்குக் கீழே வந்ததும் அலை தரையை உணரத் தொடங்கிச் செங்குத்தாகும். 9 மீட்டர் அலை 11, 12 மீட்டர் ஆழத்தில் உடைந்தே தீரும்.

ஆக, படத்தின் கிராஃபிக்ஸை நான் குறை சொல்ல மாட்டேன். தண்ணீரின் நிறமும், முகட்டிலிருந்து காற்று கிழித்துக்கொண்டு போகும் நுரையும் அசலாக இருக்கின்றன. கடைசி அலைதான் தனியாகச் சினிமாவுக்கென்று பிறந்தது.

டெக்கின் மேல் தண்ணீர் ஏறும் காட்சிகளைத் திரும்பிப் பாருங்கள். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலமுள்ள பின் டெக்கில் அரை மீட்டர் தண்ணீர் நின்றால் 25 கன மீட்டர். கடல்நீர் என்பதால் எடை 25 டன்னுக்குச் சற்று மேல். படகின் மேல்பகுதியில், கட்டாமல் ஓடும் 25 டன். அது வெளியேற வேண்டிய பக்கத் திறப்புகளில் இரைப்பெட்டி, மிதவை, கயிறு என்று ஏதாவது அடைத்துக்கொண்டிருந்தால் அடுத்த அலை முந்தைய தண்ணீரின் மேலேயே ஏறும். டீசல் தொட்டிக்கும் இதே விதிதான். பாதி நிறைந்த தொட்டி முழுத் தொட்டியைவிட ஆபத்து. ஆடும் நீர்ப்பரப்பின் அகலம் இரண்டு மடங்கானால் விளைவு எட்டு மடங்காகும். அதையே நீளவாட்டில் நடுவே தடுப்பு வைத்து இரண்டாக்கினால் விளைவு கால்வாசியாகும். அதனால் கடல் கெடுவதற்கு முன்பே டீசலை மாற்றி, ஒன்றை முழுசாக நிரப்பி, ஒன்றை முழுசாகக் காலிசெய்து, பாதியில் நிற்கும் தொட்டி ஒன்றுக்கு மேல் இல்லாதபடி பார்த்துக்கொள்வார்கள். வலப்பக்கத் தொட்டியையும் இடப்பக்கத் தொட்டியையும் இணைக்கும் வால்வு திறந்தே கிடந்தால் இந்த வேலையெல்லாம் வீண். தண்ணீர் தாழ்ந்த பக்கம் ஓடுவது போல டீசலும் ஓடும்.

வீல்ஹவுஸ் கண்ணாடி உடைவதும், அதைப் பலகை வைத்து அடைப்பதும் நன்றாகவே எடுக்கப்பட்ட பகுதி. ஆனால் பலகையை வெட்டுவதும் ஆணி தேடுவதும் அந்த நேரத்தில் செய்கிற வேலை இல்லை. ஒவ்வொரு ஜன்னலுக்கும் அளவெடுத்து வெட்டிய 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், எந்த ஜன்னல் என்று எண் எழுதி, மூலையில் போல்ட் துளை போட்டுக் கரையிலேயே தயாராக இருக்க வேண்டும். கண்ணாடி போனால் அடுத்து ரேடியோவும் ராடாரும் நனைந்து போகும். தண்ணீர் படியிறங்கிக் காற்றுவழியாக இன்ஜின் ரூமுக்குப் போனால் இன்ஜின் நிற்கும். இன்ஜின் நின்றால் அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, அலைக்கு நேராக வைக்க முடியாது. படகு தானாகத் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டும். பல படகுகளின் கதை இந்த வரிசையில்தான் முடிகிறது. ராட்சத அலை இதில் எங்கும் தேவைப்படவில்லை.

படகைத் திருப்பும் காட்சிக்கு வருவோம். "இவ்வளவு நேரம் போராடிவிட்டு இப்போது எதற்குத் திருப்புகிறார்?" என்று சிலர் கேட்பார்கள். "முதலிலேயே திருப்பியிருக்கலாமே" என்று சிலர். மோசமான கடலில் சின்னப் படகு செய்யக்கூடியது அதிகமில்லை. அணியத்தை அலைக்கு 20, 30 டிகிரி சாய்வாக வைத்து, இன்ஜினை மெதுவாக ஓட்டி, சுக்கான் பேச்சைக் கேட்கும் அளவுக்கு மட்டும் வேகம் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சமாளிப்பது முதல் வழி. முன்னேற முயலக் கூடாது. முகட்டைத் தாண்டும்போது வேகம் அதிகமாக இருந்தால் படகு அந்தரத்தில் பாய்ந்து பள்ளத்தில் அறைந்து விழும். காற்றை முதுகில் வாங்கி ஓடுவது இரண்டாவது வழி. அதில் ஆட்டம் குறைவு, ஆபத்து அதிகம். அலை அமரத்தை, அதாவது படகின் பின்முனையைத் தூக்கும்போது சுக்கான் தண்ணீரில் பிடி இல்லாமல் போகும், படகு சறுக்கிப் பக்கவாட்டில் திரும்பிவிடும்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்த அரை நிமிடம்தான் மிகவும் கெட்ட நேரம். அதற்கு முறை உண்டு. பெரிய அலைகள் மூன்று நான்காகச் சேர்ந்து வரும், பிறகு சற்று அடங்கும். அதைப் பல சுற்று பார்க்க வேண்டும். அதற்குள் எல்லோரும் உள்ளே, எல்லாக் கதவும் பூட்டியாக வேண்டும். கடைசிப் பெரிய அலையின் முகட்டைத் தாண்டி அதன் முதுகில் இறங்கும்போதே சுக்கானை முழுசாகத் திருப்பி, இன்ஜினுக்குச் சட்டென்று முழு விசை கொடுக்க வேண்டும். அந்த விசை படகை ஓட்டுவதற்கல்ல, சுக்கானில் தண்ணீரை அடித்து மூக்கைத் திருப்புவதற்கு. அடுத்த அலை வருவதற்குள் திருப்பம் முடிந்திருக்க வேண்டும், முடிந்ததும் விசையைக் குறைத்துவிட வேண்டும். 12 விநாடி இடைவெளியில் இது முழுசாக முடியாது. அதனால்தான் அடங்கிய நேரத்துக்குக் காத்திருப்பது. படத்தில் இந்தக் காட்சி பதற்றமாக, ஆனால் நம்பும்படி இருக்கிறது.

கேப்டன் பக்கவாட்டுக் கம்பத்தில் ஏறி, அலைக்கு நடுவே கேஸ் டார்ச்சால் சங்கிலியை வெட்டும் காட்சி அப்படி இல்லை. அங்கே சிரிப்பவர்கள் பக்கம் நானும் இருக்கிறேன். அந்தக் கம்பங்களிலிருந்து தண்ணீருக்குள் தொங்கும் உலோக இறக்கை படகின் உருளலைக் குறைப்பதற்கானது. உருளல் அதிகமானால் அது தண்ணீரை விட்டு வெளியே வந்து குண்டு மாதிரி வீசும் என்பது நிஜம். அதனால் கடல் கெடும் முன்பே இரண்டையும் மேலே ஏற்றிக் கட்டிவிடுவதா, இல்லை கீழேயே விடுவதா என்று முடிவெடுத்துவிட வேண்டும். ஒன்று போய்விட்டால் மற்றதையும் விட்டுவிடுவதுதான் நல்லது. அதற்காகச் சங்கிலியின் உள்முனையில், டெக்கிலிருந்து கை எட்டும் இடத்தில், கயிற்றுக் கட்டோ சட்டென்று கழலும் கொக்கியோ வைப்பார்கள். கயிற்றுக்குக் கத்தி போதும். கம்பத்தின் நுனிக்கு யாரும் போக வேண்டாம்.

தூண்டில் போடும்போது கையில் முள் ஏறி ஒருவரைக் கடலுக்குள் இழுத்துப் போகும் காட்சியை மிகைப்படுத்தல் என்கிறார்கள். இல்லை. 60 கிலோமீட்டர் நீளம் வரை போகும் தாய்க்கயிறு, ஆயிரம் முள், படகு 7 நாட் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு விநாடிக்கு 3.6 மீட்டர். பத்து விநாடியில் ஆள் 36 மீட்டர் பின்னால். இரை கோப்பவர் மார்பில் உறையோடு ஒரு கத்தி இருப்பது இதற்காகத்தான். அது இடுப்பின் பின்பக்கம் இருந்தால் பயனில்லை, எந்தக் கை மாட்டினாலும் மறுகையால் எடுக்கும்படி நடுவில் இருக்க வேண்டும். ஆள் விழுந்ததும் இன்ஜினைக் கியரிலிருந்து எடுக்க வேண்டும். ரிவர்ஸ் போட்டால் கயிறு புரொப்பெல்லரில் சுற்றும், ஆளும் அதோடு வருவார். காப்பாற்றக் குதிப்பவர் இடுப்பில் கயிறு கட்டாமல் குதிக்கவே கூடாது. சுறா டெக்கில் வந்து காலைக் கவ்வுவதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. உயிரோடு ஏறும் சுறா உண்டு, பூட்ஸ் நகைச்சுவை சினிமாவுக்கு.

மீட்பு ஹெலிகாப்டர் காட்சிகள்தான் படத்திலேயே சிறந்தவை என்று பலரும் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. பறந்துகொண்டே டேங்கர் விமானத்திலிருந்து எரிபொருள் வாங்கப் போராடி, முடியாமல் கடலில் இறங்குவது உண்மையில் நடந்தது, அக்டோபர் 30 இரவு. ஐந்து பேரில் நால்வரை டமரோவா என்ற கடலோரக் காவல்படைக் கப்பல் மீட்டது. ஒருவர் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் ஆண்ட்ரியா கெயிலைத் தேடிப் போகவில்லை. தனியாகப் பாய்மரப் படகில் மாட்டிக்கொண்ட வேறொருவருக்காகப் போனார்கள். இரண்டு கதைகளையும் ஒரே முடிச்சில் கட்டியது திரைக்கதை.

கடைசியாக, "ஏன் அபாய சிக்னலே வரவில்லை?" என்ற கேள்வி. சேபிள் தீவில் ஒதுங்கிய கருவி நீர் பட்டால் தானாக இயங்கும் வகை. அதன் சுவிட்ச் எந்த நிலையில் இருந்தது என்பதைக் கண்டெடுத்தவர்கள் உறுதியாகச் சரிபார்க்கவில்லை. அதனால் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. இன்றைய 406 மெகாஹெர்ட்ஸ் கருவிகளில் தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவைதான். தாங்கியில் இருக்கும்போது தானாக இயங்கும் நிலையில் இருக்க வேண்டிய சுவிட்சை, சோதனைக்குப் பிறகு யாராவது அணைத்துவிட்டுப் போவது ஒன்று. வீல்ஹவுஸ் கூரை விளிம்புக்கு அடியிலோ ஆண்டெனா கயிறுகளுக்கு நடுவிலோ தாங்கியைப் பொருத்துவது இன்னொன்று. படகு கவிழ்ந்தால் மிதந்து மேலே வர வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். தண்ணீரில் 4 மீட்டர் ஆழத்துக்குள் அழுத்தத்தால் தானே அறுந்து கருவியை விடுவிக்கும் ஹைட்ரோஸ்டேடிக் ரிலீஸை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மாதமும் வருடமும் அதன் மேலேயே குறித்து வைக்கும் இடம் உண்டு. பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு. இயங்கத் தொடங்கினால் குறைந்தது 48 மணி நேரம் தாங்க வேண்டும். மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்தி, விளக்கு எரிந்ததா என்று பார்த்து, சுவிட்ச் மறுபடி சரியான நிலைக்கு வந்ததா என்று இன்னொருவர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கருவியின் பதிவில் உள்ள தொலைபேசி எண் மாறிப்போயிருந்தால் மீட்பு மையம் அழைக்கும்போது யாரும் எடுக்க மாட்டார்கள்.

உயிர்காப்பு ராஃப்ட்டிலும் இதே மாதிரி ஒரு தவறு அடிக்கடி கண்ணில் படும். ராஃப்ட்டின் இழுகயிற்றை டெக் வளையத்தில் நேராகக் கெட்டியாகக் கட்டிவிடுவார்கள், திருட்டுப் போகாமல் இருக்க. படகு மூழ்கினால் விரிந்த ராஃப்ட்டையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். கயிற்றின் முனை ஹைட்ரோஸ்டேடிக் ரிலீஸோடு வரும் மெல்லிய அறுபடும் இணைப்பில் மாட்டியிருக்க வேண்டும். ராஃப்ட் விரியும் வரை அது தாங்கும், மூழ்கும் படகு இழுக்கும்போது அறுந்துவிடும். குளிர்நீர் உடுப்புகளைப் படுக்கை அறைக்கு அடியில் வைக்காமல் வீல்ஹவுஸில் வைத்து, ஜிப்புக்கு மெழுகு தடவி, ஒவ்வொருவரும் ஒரு நிமிடத்தில் போடப் பழகியிருக்க வேண்டும். 10 டிகிரித் தண்ணீரில் மூச்சுத்திணறல் அடங்க ஒரு நிமிடம் ஆகும். அதன்பிறகு கை விரல்கள் சொன்னபடி கேட்பது பத்து நிமிடத்துக்குத்தான். ஜிப்பை அந்தப் பத்து நிமிடத்துக்குள் போடலாம் என்று கடலில் விழுந்த பிறகு முயன்றால் உடுப்புக்குள் முதலில் போவது தண்ணீர்.